2008 சட்டத்தை எஃப்.ஐ.ஆரில் சேர்க்க வைத்த கதை

சென்னையில் ஒரு அரசு மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். போன வருஷம் நைட் டியூட்டியில், நோயாளியோடு வந்த ஒருவர் என் முன்கையைக் கத்தியால் கிழித்துவிட்டார். வழக்கு இப்போது கோர்ட்டில் இருக்கிறது. மற்ற மருத்துவமனை சிஸ்டர்கள் “அந்தச் சட்டத்துல எப்படிக்கா போட வச்சீங்க?” என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். எல்லாருக்கும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

அவர்கள் கேட்பது தமிழ்நாடு அரசின் 2008-ஆம் ஆண்டு 48-ஆம் எண் சட்டத்தைப் பற்றி. டாக்டர், நர்ஸ், மருத்துவ மாணவர், நர்சிங் மாணவி என்று பணியில் இருக்கும் யாரை அடித்தாலும், மிரட்டினாலும், மருத்துவமனைப் பொருளை உடைத்தாலும் அது பொருந்தும். அரசு, தனியார் இரண்டுக்கும் உண்டு. தண்டனை குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 10 ஆண்டு. ஜாமீனில் விடக்கூடாத குற்றம். இப்படி ஒரு சட்டம் இருப்பது எங்கள் வார்டிலேயே பாதிப் பேருக்குத் தெரியாது.

அன்று ராத்திரி ஸ்கேனுக்கு வரிசை நீண்டுவிட்டது. ஒரு அம்மாவின் மகன் கத்த ஆரம்பித்தார். ஆள் பற்றாக்குறையால் நோயாளிகள் காத்துக் கிடப்பது எங்களுக்கும் வலிக்கிற விஷயம். அவருடைய கோபத்தில் நியாயம் இருந்தது. ஆனால் பையில் இருந்த பழம் வெட்டுகிற கத்தியை எடுத்து அவர் வீசியதில் எந்த நியாயமும் இல்லை. துப்புரவுப் பணி செய்யும் அக்கா ஒருவர்தான் குறுக்கே பாய்ந்து அவர் கையைப் பிடித்தார்.

தையல் போடும்போதே ஏ.ஆர். எழுதச் சொன்னேன். காயத்தோடு வருபவரின் விவரத்தை டாக்டர் பதிகிற ஆக்சிடென்ட் ரிஜிஸ்டர்தான் அது. அதில் ஒரு வரி வரும்: தெரிந்த நபரா தெரியாத நபரா, எந்த இடம், எத்தனை மணி, எதனால் தாக்கப்பட்டார். டியூட்டி டாக்டர் அவசரத்தில் “ஒருவரால் தாக்கப்பட்டதாகக் கூறுகிறார்” என்று முடிக்கப் பார்த்தார். “சார், கத்தின்னு எழுதுங்க. வார்டுல, டியூட்டில இருக்கும்போதுன்னும் எழுதுங்க” என்றேன். எழுதினார். பிறகு நடந்த எல்லாவற்றுக்கும் அந்த ஒரு வரிதான் கை கொடுத்தது.

புகாரை நான் மட்டும் கொடுக்காமல், நிர்வாகத்தின் பெயரிலும் கொடுக்க வைத்தோம். கொல்கத்தா மருத்துவ மாணவி கொலைக்குப் பிறகு, 2024 ஆகஸ்ட் 16 அன்று மத்திய சுகாதார அமைச்சகம் ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. பணியில் இருப்பவர் தாக்கப்பட்டால் 6 மணி நேரத்துக்குள் நிறுவனத் தலைவரே புகார் பதிய வேண்டும் என்பது அதில் இருக்கிறது. அதன் நகலை எங்கள் சங்கத்து அக்கா போனில் வைத்திருந்தார். அதைக் காட்டியதும் மருத்துவமனை நிலைய மருத்துவ அதிகாரி (ஆர்.எம்.ஓ.) கையெழுத்துப் போட்டார்.

ஸ்டேஷனில் முதலில், புகாரை வாங்கிக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் கொடுத்தார்கள். விடாமல் கேட்ட பிறகு எஃப்.ஐ.ஆர். வந்தது. புகார்தாரருக்கு அதன் நகல் இலவசம், கட்டாயம் கேட்டு வாங்குங்கள். எனக்கு வந்த நகலில், பழைய ஐ.பி.சி.க்குப் பதிலாக வந்த பி.என்.எஸ். சட்டத்தின் 296(பி), 115(2), 351(2) பிரிவுகள் மட்டும் இருந்தன. அதாவது ஆபாசமாகத் திட்டினார், அடித்தார், மிரட்டினார். தெருச் சண்டைக்குப் போடுகிற பிரிவுகள். நான் அரசு ஊழியர் என்பதும் அதில் இல்லை, கத்தியும் இல்லை. அந்த ஆளை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்க்கும் போலீஸ்காரரிடம் (ரைட்டர்) கேட்டேன். “பழம் வெட்டுற கத்திம்மா, ஆயுதச் சட்டத்துல வராது” என்றார். அது உண்மைதான். 1959 ஆயுதச் சட்டத்தின் விதிகள் 9 அங்குலத்துக்கு நீளமான அல்லது 2 அங்குலத்துக்கு அகலமான கத்தியைத்தான் பேசுகின்றன. வீட்டு உபயோகக் கத்திக்கு விலக்கும் இருக்கிறது. ஆனால் நான் கேட்டது அதை இல்லை. வெட்டக்கூடிய எந்தப் பொருளால் காயப்படுத்தினாலும் பி.என்.எஸ். 118(1) வரும். அரசு ஊழியரைப் பணி செய்யவிடாமல் தாக்கினால் 132, காயமும் ஏற்படுத்தினால் 121(1). இதற்கெல்லாம் மேலே 2008 சட்டம்.

பிரிவுக்காக ஏன் இவ்வளவு மல்லுக்கட்டு என்று வீட்டில் கேட்டார்கள். 7 ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றமென்றால் போலீஸ் பெரும்பாலும் கைது செய்யாமல் நோட்டீஸ் கொடுத்து அனுப்பிவிடலாம். 10 ஆண்டு வரை போகும் சட்டம் சேர்ந்தால் அந்த வழி அவ்வளவு சுலபமில்லை. அதே வார்டில் மறுநாள் ராத்திரி டியூட்டி பார்க்கப் போகிற பெண்ணுக்கு இது பெரிய விஷயம்.

உதவி ஆணையர் அலுவலகத்தில் மனு கொடுத்தேன். ஏ.ஆர். நகல், டியூட்டி ரோஸ்டர், வருகைப் பதிவேட்டின் அந்த நாள் பக்கம், சி.சி.டி.வி. பதிவைக் கேட்டு நிர்வாகம் எழுதிய கடிதம், எல்லாவற்றையும் இணைத்தேன். ரோஸ்டரை மறந்துவிடாதீர்கள். பணியில் இருந்தீர்கள் என்பதற்கு அதுதான் ஆதாரம். அந்த அதிகாரி பொறுமையாகப் படித்தார், 2008 சட்டத்தின் நகலையும் வாங்கிக்கொண்டார். கொஞ்ச நாளில் பிரிவுகளை மாற்றி மாஜிஸ்திரேட்டுக்கு ஆல்டரேஷன் ரிப்போர்ட் போனது. அந்த ஆளைக் கைது செய்து புழல் சிறைக்கு அனுப்பினார்கள். அங்கேயும் நடக்காமல் போயிருந்தால், மேலதிகாரிக்கு எழுதிவிட்டு, குற்ற நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 175(3)-இன் கீழ் மாஜிஸ்திரேட்டிடம் மனு போடத் தயாராக இருந்தோம்.

நடுவில் அந்த ஆளின் வீட்டார் சமரசம் பேச வந்தார்கள். அவருடைய அக்கா என் காலில் விழப்போனார், நான் தூக்கிவிட்டேன். மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. நோயாளியான அவருடைய அம்மாவுக்கு எங்கள் ஆட்கள்தான் டிஸ்சார்ஜ் வரை ஊசி போட்டுப் பார்த்துக்கொண்டார்கள். ஆனால் 2024 நவம்பர் 13 அன்று கிண்டி கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனையில், பட்டப்பகலில், புற்றுநோய் மருத்துவர் ஒருவரை நோயாளியின் மகன் கத்தியால் குத்தியதை நாங்கள் யாரும் மறக்கவில்லை. “வழக்கை வாபஸ் வாங்க மாட்டேன்” என்று சொல்லி அனுப்பினேன். வாங்க நினைத்தாலும் இந்தப் பிரிவுகளை ஸ்டேஷனில் பேசி முடிக்க முடியாது, உயர் நீதிமன்றம்தான் ரத்து செய்ய வேண்டும்.

குற்றப்பத்திரிகை போட்டுவிட்டார்கள். சாட்சிப் பட்டியலில் அந்தத் துப்புரவு அக்காவின் பெயரும் இருக்கிறது. அவர் ஒப்பந்தத் தொழிலாளி. கோர்ட்டுக்கு வரும் நாளுக்குச் சம்பளம் பிடிக்கக் கூடாது என்று நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை.