நாற்பது தடவை பாடியும் ஒரே ஆள்தான்

பிரிட்டிஷ் ராக் குழுவான குயினின் 'பொஹீமியன் ராப்சடி' பாடலில், இசை நாடகம் போலப் பல குரல்கள் கூட்டமாக ஒலிக்கும் ஆபெரா பகுதியை வீட்டிலேயே பாடிப் பதிவு செய்ய ஆசைப்பட்டேன். இரண்டு ஞாயிற்றுக்கிழமை போதும் என்று கணக்குப் போட்டிருந்தேன். குயின் குழுவினருக்கு அந்தப் பகுதிக்கு மட்டும் மூன்று வாரம் பிடித்தது. நாளுக்குப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் பாடினார்கள். அது தெரிந்தும் ஒரு அசட்டுத் துணிச்சல்.

முதலில் பாடியதை ஹெட்ஃபோனில் கேட்டுக்கொண்டே அதன் மேல் அடுத்ததைப் பாடி அடுக்க வேண்டும். ஆறாவது அடுக்கில் ஏதோ இரைச்சல். மின்விசிறி! தனியாகக் காதில் விழாத சத்தம், ஆறு தடவை சேர்ந்ததும் மழை பெய்வது போலாகிவிட்டது. எல்லாவற்றையும் அழித்து, விசிறியை நிறுத்தி, வியர்வை சொட்டச் சொட்ட மறுபடி தொடங்கினேன். அந்தப் பகுதியில் திரும்பத் திரும்ப வரும் 'கலிலியோ' என்ற சொல்லின் முதல் எழுத்து எல்லா ட்ராக்கிலும், அதாவது தனித்தனியாகப் பதிந்த எல்லா அடுக்கிலும், ஒரே கணத்தில் விழ வேண்டும். ஒன்று முந்தினாலும் சரளைக்கல் கொட்டுவது போலக் கேட்கும். நடுவில் பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் வேறு. சுருதி ஏறக்குறைய சேர்ந்திருந்ததால் அதை அப்படியே விட்டுவிட்டேன்.

நாற்பது ட்ராக் ஆயிற்று. போட்டுக் கேட்டால் கூட்டமாகவே இல்லை. தொண்டை தடித்த ஒரே ஆள்தான் நின்றுகொண்டிருந்தான்.

அசலை மறுபடி கேட்டேன். அங்கே பாடியவர்கள் மூன்றே பேர்: கீழே பிரையன் மே, நடுவில் ஃப்ரெடி மெர்க்குரி, உச்சியில் டிரம்ஸ் வாசிக்கும் ராஜர் டெய்லர். மூன்றும் மூன்று விதமான குரல்கள் என்பதால்தான் அடுக்க அடுக்கக் கூட்டமாகிறது. உடனே அக்காவை உச்சிக்கும் அத்தானைக் கீழ்க்குரலுக்கும் பிடித்துவந்தேன். "என்னடா, பன்னிரண்டு தடவையும் இதே வார்த்தையா?" என்றாள் அக்கா. என் நாற்பதில் பன்னிரண்டை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை நீக்கினேன். கூட்டம் வந்துவிட்டது.

எனக்குக் கணினி இருக்கிறது, பிடிக்காததை நினைத்தபோது அழிக்கலாம். 1975-இல் குயின் குழுவிடம் இருந்தது 24 ட்ராக் டேப். அது நிரம்பியதும் பல குரல்களைக் கலந்து வேறொரு ட்ராக்கில் இறக்கினால்தான் இடம் காலியாகும். இறக்கிய பிறகு, அதில் ஒரு குரலை மட்டும் கூட்டவோ குறைக்கவோ வழியில்லை. திரும்பத் திரும்ப ஓட்டியதில் டேப் தேய்ந்து, தூக்கிப் பிடித்தால் வெளிச்சம் ஊடுருவியதாம். பாட்டின் நீளமோ 5 நிமிடம் 55 நொடி. வானொலிக்கு ஒத்துவராது என்றார்கள். ஆனாலும் பிரிட்டனில் ஒன்பது வாரம் முதலிடத்தில் நின்றது. அது இடம்பெற்ற 'எ நைட் அட் தி ஆபெரா' ஆல்பமும் அங்கே முதலிடம் பிடித்தது.

எங்கள் பதிவு ஒரு நிமிடத்துக்குச் சற்றே கூடுதல். குக்கர் விசில் இன்னும் கேட்கிறது என்கிறார் அத்தான். எனக்குக் கேட்கவில்லை.