ஆப்புக் கணக்கு

எங்கள் கணித சேர் போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நான் ஸ்காபரோவில் வீட்டு வாசலில் பனி அள்ளிக்கொண்டு நின்றேன். அனுப்பியவன் நெடுவல். "ஆப்பு மாஸ்டர் காலமானார்" என்று மட்டும் போட்டிருந்தான். 93 உயர்தரக் கணிதப் பிரிவில் இருந்த எவனுக்கும் அதற்கு மேல் தேவையில்லை. நினைவு மலர்க் குழு சேரைப் பற்றி ஒரு பக்கம் கேட்டபோது, அவருடைய சேவைகளை ஒழுங்காக எழுதுவோம் என்றுதான் உட்கார்ந்தேன். பேனா வேறு பக்கம் போய்விட்டது.

நெடுவல் வீட்டு விறாந்தை, நாலு பேர், ஒரு ஜாம் போத்தல் விளக்கு. 1990 ஆனியில் சண்டை திரும்பத் தொடங்கிக் கரண்ட் போனதிலிருந்து, எந்த இரவில் எத்தனை கணக்கு என்பதை மண்ணெண்ணெய்தான் தீர்மானித்தது. ஆளுக்கொரு நாள் எண்ணெய் கொண்டுவர வேண்டும் என்று ஏற்பாடு. என் முறை வருகிற நாளில் பெரும்பாலும் எங்கள் வீட்டில் எண்ணெய் இருக்காது. "அதெல்லாம் பிறகு பாப்பம்" என்று நெடுவல் தன் வீட்டுப் போத்தலைச் சரிப்பான். தூய கணிதத்தில் தொகையிடல் என் பொறுப்பு. பிரயோக கணிதம் முழுக்க அவன் பொறுப்பு. அவன் சொல்லித்தந்து விளங்காத கணக்கு எனக்கு இருந்ததில்லை.

ஆனால் இன்னொன்றும் எங்களுக்குத் தெரியும். பல்கலைக்கழக இடங்களை மாவட்டத்துக்கு இவ்வளவு என்று பங்கிடுகிற மாவட்டக் கோட்டா இருக்கும்வரை எங்கள் போட்டி கொழும்புக்காரனோடு அல்ல, பக்கத்து வாங்கில் இருக்கிறவனோடு. அப்போது யாழ்ப்பாணத்தில் பொறியியற் பீடமும் இல்லை. பேராதனை, இல்லாவிட்டால் மொறட்டுவை.

அந்த நேரம் கொழும்பிலிருந்து மாமா ஒரு கட்டு மாதிரி வினாத்தாள் அனுப்பினார். கிளாலிக் கடலேரியைப் படகில் கடந்து வந்த ஒருவர் சாரத்துக்குள் சுற்றிக் கொண்டுவந்தது. அதை நான் நெல் மூட்டைக்குப் பின்னால் ஒளித்தேன். "புதுசா ஏதும் வந்ததோ மச்சான்?" என்று நெடுவல் கேட்டான். இல்லை என்றேன். அதே இரவு அவன் விளக்கில்தான் படித்தேன்.

தவணைப் பரீட்சையில் சேர் ஒரு ஆப்புக் கணக்குப் போட்டார். ஒப்பமான மேசையில் ஒப்பமான ஆப்பு, அதன் சரிவில் வழுக்கும் துணிக்கை. நான் ஒளித்து வைத்திருந்த தாளில் இருந்த அதே கணக்கு. பத்து நிமிடத்தில் முடித்தேன். திருத்திய தாளைக் கொடுக்கும்போது சேர் என்னைக் கூர்ந்து பார்த்தார்.

"எங்கையடா பாத்தனி?"

"நானாச் செய்தது சேர்."

"நல்லது. அப்ப ஆப்பின்ர ரெண்டு பக்கமும் சரிவு, பக்கத்துக்கு ஒரு துணிக்கை. உச்சியில கப்பி, ரெண்டையும் ஒரு இழை தொடுக்குது. போட்டில செய்."

வெண்கட்டியோடு நின்றேன். விசைகளைக் குறித்தேன், இழுவையை எழுதினேன், சமன்பாடு வரவேயில்லை. சேர் உதவவும் இல்லை, இருக்கச் சொல்லவும் இல்லை. மணி அடித்தது, அடுத்த பாடமும் அவருடையதுதான். கடைசியில் நெடுவலைக் கூப்பிட்டார். அவன் வந்து, ஆப்பையும் துணிக்கைகளையும் சேர்த்துக் கிடையாக ஒரு சமன்பாடு எழுதினான். எனக்குக் கேட்கிற மாதிரி மட்டும், "ஆப்பும் அசையுதடா, அதை விட்டிட்டாய்" என்றான். வகுப்பு சிரித்தது. சேருக்கு ஆப்பு மாஸ்டர் என்ற பட்டம் அன்றைக்கு வந்தது. எனக்கு வந்த பட்டத்தை, ஆப்பிழுத்த கதை தெரிந்தவர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

சேர் அடிக்கவில்லை. "நாளைக்கு அந்தப் பேப்பர்களைக் கொண்டு வா" என்றார், அவ்வளவுதான். மறுநாள் முழு வகுப்பும் அதைப் பார்த்து எழுதியது. கொப்பி இல்லாதவர்கள் பழைய கணக்குப் பேரேட்டின் பின்பக்கங்களில் எழுதினார்கள். இரவு நான் விறாந்தைக்குப் போகத் துணியவில்லை. நெடுவல்தான் சைக்கிளில் வந்து ஏற்றிக்கொண்டு போனான். ஒளித்ததைப் பற்றி அன்றும் பேசவில்லை, பிறகும் பேசவில்லை. அவன் திட்டியிருந்தால் இந்தக் கட்டுரை வேறு மாதிரி வந்திருக்கும்.

றிசல்ட் வந்தது. எனக்கு மொறட்டுவை. அவனுக்குச் சில புள்ளிகள் போதவில்லை. நான் கிளாலி கடந்து கொழும்பு போனேன். அங்கே ஏஜென்சிக்காரன் ஒருவன் கனடாவுக்கு வழி காட்டினான். வீட்டில் காசு கட்டினார்கள், நானும் ஏறிவிட்டேன். மொறட்டுவையின் வாசலைக்கூட மிதிக்கவில்லை. எனக்கு அந்த இடம் வேண்டாம் என்று முன்னாலேயே எழுதிக் கொடுத்திருந்தால் பட்டியலில் அடுத்தவனுக்குப் போயிருக்குமோ, அந்த அடுத்தவன் யார் என்று, தொழிற்சாலையில் இரவு வேலை செய்த காலம் முழுக்கக் கணக்குப் பார்த்தேன். பிரயோக கணிதத்தில் இல்லாத கணக்கு அது.

நெடுவல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானம் படித்து, நம் பள்ளிக்கூடத்திலேயே கணித ஆசிரியராக இருக்கிறான். இப்போது தூய கணிதமும் பிரயோக கணிதமும் சேர்ந்து இணைந்த கணிதம் என்று ஒரே பாடம். ஆப்புக் கணக்கு மட்டும் போகவில்லையாம்.

சேரின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வருவாயா என்று கேட்டான். லீவு கஷ்டம் என்றேன். எங்கள் பிரிவின் பேரில் ஒரு நேரச் சாப்பாடு கொடுப்பதாகச் சொன்னான். எவ்வளவு அனுப்ப என்று கேட்டேன்.

"அதெல்லாம் பிறகு பாப்பம்" என்றான்.