கேட்டலாகிங் பிராக்டிகல்: கார்டைத் தொடும் முன் பென்சிலை எடுங்கள்

ரிசல்ட் வந்துவிட்டது. நூலக அறிவியல் பட்டமான பி.எல்.ஐ.எஸ்.சி. பாஸ். அதிலும் எல்லாரும் பயமுறுத்திய கேட்டலாகிங் பிராக்டிகலில்தான் (புத்தக விவரங்களை விதிப்படி நூலகக் கார்டில் எழுதும் தேர்வு) எனக்கு மதிப்பெண் அதிகம். பாலக்காட்டுச் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கமிருந்து அடுத்த பேட்ச்சில் சேர்ந்திருக்கும் பிள்ளைகள் நோட்ஸ் கேட்கிறார்கள். தருகிறேன். அதற்கு முன் ஒன்று சொல்ல வேண்டும், நோட்ஸில் அது இல்லை.

டைட்டில் பேஜை அச்சிட்டு, அதன் கீழே பிற விவரங்கள் என்று ஒரு குவியல் கொடுப்பார்கள் அல்லவா? கார்டை உடனே தொடாதீர்கள். ஒவ்வொரு விவரத்தின் தலையிலும் பென்சிலால் ஓர் எழுத்துப் போடுங்கள். டைட்டில் பேஜில் இருந்தால் 'டை', அதன் பின்பக்கம் 'பி', அட்டை 'அ', அட்டைக்கு மேல் போர்த்தியிருக்கும் தனி மேலுறை 'மே', புத்தகத்துக்கு வெளியே 'வெ'. இது முடிந்த பிறகுதான் பேனா. நான் பாஸானது இந்த ஐந்து எழுத்தால்தான் என்று சொன்னால் தோழிகள் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும்.

ஏஏசிஆர்-2 என்ற பழைய கேட்டலாக் விதித்தொகுப்பு கேட்பது இதைத்தான். தலைப்பும் ஆசிரியர் விவரமும் டைட்டில் பேஜிலிருந்து மட்டும். பதிப்பு, வெளியீட்டு விவரம் என்றால் டைட்டில் பேஜோடு பின்பக்கம், அதற்கு முந்தைய பக்கங்கள், அட்டை, கொலஃபன் (கடைசியில் வரும் அச்சு விவரம்) வரை போகலாம். பக்க எண்ணிக்கை, அளவுக்கு முழுப் புத்தகமும் சொந்தம். குறிப்புகளுக்கும் ஐஎஸ்பிஎன் என்ற புத்தக எண்ணுக்கும் எங்கிருந்து எடுத்தாலும் சரி. எல்லையைத் தாண்டி எடுத்தால் சதுர அடைப்பு. மேலுறை அந்த எல்லைக்குள் வராது. அட்டைதானே என்று அதையும் சேர்த்துக்கொள்பவர்கள் நிறையப் பேர். பென்சில் எழுத்து இருந்தால் அடைப்பு தானாக வந்து விழும்.

ஏஏசிஆர்-2-க்குப் பின் வந்த ஆர்டிஏ விதிகளில் கேள்வி வந்தால் கொஞ்சம் தளர்வு. புத்தகத்துக்குள் எங்கிருந்து எடுத்தாலும் அடைப்பு வேண்டாம், 'வெ'க்கு மட்டும் போதும். காலேஜ் அருகே ஜெராக்ஸ் கடைகளில் விற்கும் ஒரு கைடு, இரண்டு விதிகளையும் ஒரே கார்டில் குழப்பி மாதிரி விடை தருகிறது. மேலே ஏஏசிஆர்-2 பாணியில் 'எட் அல்.' (மற்றும் பலர்), கீழே ஆர்டிஏ பாணியில் வெளியீட்டு விவரத்துக்கு '264'! அதை நம்பி எழுதியவர்களை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

ரங்கநாதனின் கேட்டலாக் விதித்தொகுப்பான சிசிசி எனக்குப் பிடிக்கும். சீர்காழிக்காரரான அவர் நேராகச் சொல்லிவிட்டார்: டைட்டில் பேஜும் அதன் ஓவர்ஃப்ளோ பக்கங்களும்தான் (அதில் அடங்காத விவரம் வழியும் பக்கங்கள்) பதிவின் தலைப்பை, அதாவது ஹெட்டிங்கை, தீர்மானிக்க வேண்டும். இதை அசர்டெயினபிலிட்டி நியதி என்று வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், கேட்பார்கள். பெயரைச் சொன்னால் போதாது, ஏன் என்றும் சொல்லுங்கள். எந்த ஊரில் எந்த நூலகர் உட்கார்ந்து எழுதினாலும் ஒரே பதிவு வரவேண்டும், அதற்காக.

பயிற்சிக்கு நான் போனது எங்கள் ஊர் வாயனசாலைக்கு, அதாவது வாசகசாலைக்கு. தமிழும் மலையாளமும் ஒரே அலமாரியில் கலந்து கிடக்கும். அங்கே இருக்கும் ஏட்டன் (மலையாளத்தில் அண்ணன்), ஸ்டாக் ரெஜிஸ்டரில் அட்டையைப் பார்த்து எழுதுகிறவர். "ஏட்டா, உள்ளே வேற பேரு இருக்கே" என்றால், "ரெண்டும் ஒரே புஸ்தகந்தானே மோளே" என்பார். வாசகனைப் பொறுத்தவரை அவர் சொல்வது நியாயம்தான், அட்டைப் பெயரைக் கேட்டுத்தான் ஆள் வருகிறார். அதனால்தான் கணினிப் பதிவுக்கான மார்க் 21 வடிவத்தில் 246 என்ற புலம் இருக்கிறது. 245-இல் டைட்டில் பேஜ் பெயர், அட்டைப் பெயர் 246-இல்.

ஆண்டுதான் நிஜமான வில்லங்கம். பழைய மலையாளப் புத்தகத்தில் 1120 என்று மட்டும் இருக்கும். அது கொல்லம் ஆண்டு, சிங்ஙத்தில் தொடங்குவது. 1120 என்றால் 1944 ஆகஸ்ட் நடுவிலிருந்து 1945 வரை. இருப்பதை அப்படியே எழுதி, பக்கத்தில் [1944 அல்லது 1945] என்று போட வேண்டும். பழைய தமிழ்ப் புத்தகத்தில் 'பார்த்திப வருஷம்' என்றிருந்தால் இன்னும் சுற்றல்: 1885-ஆ, 1945-ஆ, 2005-ஆ? ஐஎஸ்பிஎன் இருக்கிறதா, விலை அணாவிலா ரூபாயிலா, முன்னுரையில் தேதி உண்டா என்று புத்தகத்தையே குடைந்துவிட்டு அப்புறம் வெளியே போங்கள்.

வெளியே போனால் என் வரிசை இது:

- முதலில் தேசிய நூலகம், சென்னைக் கன்னிமாரா நூலகம், லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் கேட்டலாக்குகள். 1954 சட்டப்படி புத்தகப் பிரதி போய்ச் சேரும் நான்கு நூலகங்களில் கன்னிமாராவும் ஒன்று.
- ஆசிரியர் பெயரில் சந்தேகம் என்றால் வியாஃப் (பல நாட்டு நூலகங்களின் பெயர்ப் பதிவுகளை இணைக்கும் தளம்). புதுமைப்பித்தனும் சொ. விருத்தாசலமும் ஒருவர்தான் என்று நமக்குத் தெரியும், பதிவுக்குச் சான்று வேண்டும்.
- பதிப்பகத்தின் சொந்தப் பட்டியல்.
- புத்தகம் விற்கும் தளங்கள் கடைசி. படம் ஒரு பதிப்பு, விவரம் இன்னொரு பதிப்பு என்று இருப்பது அங்கே சகஜம்.
- கோஹா என்ற நூலக மென்பொருளில் வேறு நூலகத்துப் பதிவை இறக்கினால், கையில் இருக்கும் புத்தகத்தோடு வரிக்கு வரி ஒப்பிடுங்கள். ஒரே ஐஎஸ்பிஎன்னை இரண்டு பதிப்புக்குப் போடும் பதிப்பகங்கள் உண்டு.

பின்பக்கத்தில் சிஐபி கட்டம் (புத்தகத்திலேயே அச்சிட்டுத் தரும் கேட்டலாக் பதிவு) இருந்தால் மகிழ்ந்துவிடாதீர்கள். அது அச்சாகும் முன்பே தயாரானது, தலைப்புக்கூட அதற்குப் பிறகு மாறியிருக்கலாம். பொருள் தலைப்புக்கும் வகுப்பு எண்ணுக்கும் யோசனை கேளுங்கள், தலைப்பை மட்டும் அதிலிருந்து எடுக்காதீர்கள்.

மற்றபடி:

- டைட்டில் பேஜே இல்லையா? அட்டையைப் பிரதான மூலமாக வைத்து எழுதி, 'தலைப்பு அட்டையிலிருந்து' என்று குறிப்புப் போடுங்கள். பலர் விட்டுவிடும் இலவச மதிப்பெண் இது.
- டைட்டில் பேஜில் எழுத்துப்பிழை இருந்தால் திருத்தாதீர்கள். ஏஏசிஆர்-2 என்றால் பக்கத்தில் [சிக்], 'மூலத்தில் இப்படியே' என்று பொருள். ஆர்டிஏ என்றால் அப்படியே எழுதி 246-இல் சரியான வடிவம்.
- மறுஅச்சு ஆண்டு வேறு, பதிப்பு ஆண்டு வேறு. இரண்டும் பின்பக்கத்தில் ஒட்டியே இருக்கும்.
- டிரேசிங் (வேறு எந்தத் தலைப்புகளில் கார்டு போட்டோம் என்ற பட்டியல்) கடைசியில். நேரம் போதாவிட்டால் ஒரு கார்டைச் சுருக்கலாம், பென்சில் வேலையைச் சுருக்காதீர்கள்.

நான் மெதுவாக எழுதுகிறவள், எதையும் சந்தேகப்படுகிறவள். இந்த முறை அதற்குத் தோதாக இருந்தது. விதி எண்களையெல்லாம் மனப்பாடமாக வைத்திருக்கும் என் தோழி பென்சிலே தொடாமல் எழுதிப் பாஸாகிவிட்டாள். அவள் நோட்ஸ் வேண்டுமென்றாலும் வாங்கித் தருகிறேன், கையெழுத்துத்தான் கொஞ்சம் கஷ்டம்.