சர்வர் தானா ரீஸ்டார்ட் ஆகுதா? இன்வெர்ட்டர் பின்னாடி ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும், மொதல்ல அதைப் பாருங்க

வீடு காசிமேடு பக்கம். பழைய டெஸ்க்டாப் ஒண்ணுல உபுண்டு சர்வர் (லினக்ஸ்ல ஒரு வகை) போட்டு போட்டோ பேக்கப், நம்ம கிட்ட இருக்கற படங்களை டிவி, போன்ல ஓட்டற ஜெல்லிஃபின், விளம்பரத்தை பிளாக் பண்ண பை-ஹோல்னு ஓட்டிட்டு இருக்கேன். இதுல பை-ஹோல் தான் வில்லங்கம், ஏன்னா வீட்டுல எல்லா போனும் சைட் அட்ரஸை அது கிட்ட கேட்டு தான் போகும், சர்வர் படுத்துச்சுன்னா வீட்டுல ஒருத்தருக்கும் நெட் வராது, அம்மா போன்ல சீரியல் பாதியில நின்னுடும், "டேய், உன் டப்பா திரும்ப போச்சு பாரு"ன்னு கிச்சன்லேர்ந்து சத்தம் வரும். தனியா அலர்ட் எதுவும் செட் பண்ண வேண்டிய தேவையே எனக்கு வந்ததில்ல.

ஏப்ரல்ல ஆரம்பிச்சது. நேரம் காலம் இல்லாம மெஷின் தானா ரீஸ்டார்ட் ஆகும். முந்தின பூட்டோட ஜர்னலை (சிஸ்டம் தானா எழுதி வெக்கற பதிவு) எடுத்துப் பாத்தா ஏதோ ஒரு சாதா லைன்ல சட்டுன்னு முடியுது, ஷட்டவுன் மெசேஜ் இல்ல, எரர் இல்ல, அதுக்கப்புறம் நேரா புது பூட் தான். (ஜர்னல் டிஸ்க்குல சேவ் ஆகுதா, ரேம்ல மட்டும் இருக்கான்னு முன்னாடியே பாத்து வைங்க, ரேம்ல இருந்தா ரீஸ்டார்ட்டோட சேந்து அதுவும் போயிடும், அப்புறம் தேட ஒண்ணும் இருக்காது.) இன்னொரு விஷயம், கெர்னல் பேனிக் (சிஸ்டத்தோட அடிமட்டமே கிராஷ் ஆகறது) ஆனா லினக்ஸ் பொதுவா அப்படியே உறைஞ்சு நின்னுடும், நாமளா சொல்லி வெச்சா தான் தானா ரீஸ்டார்ட் ஆகும். நான் அப்படி எதுவும் வெக்கல. அப்ப சாஃப்ட்வேர் மேல சந்தேகம் அங்கயே பாதி போச்சு. டெம்பரேச்சர் ஓகே, ரேமை சோதிக்கற மெம்டெஸ்ட் ராத்திரி முழுக்க ஓடுச்சு, ஒரு எரர் கூட இல்ல.

சரி, பெரிய ஆளுங்க கிட்ட காட்டலாம்னு கேபினெட்டை கட்டைப் பைல வெச்சு தண்டையார்பேட்டைல மெட்ரோ ஏறி, அரசினர் தோட்டத்துல இறங்கி ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு தூக்கிட்டுப் போனேன். ஸ்கேனர்கிட்ட இருந்த செக்யூரிட்டி பையைத் திறக்கச் சொல்லி, "இன்னா சார் இது, கல்லு மாதிரி கனக்குது"ன்னு ஒரு விசாரணை வேற. கடைக்காரர் சைடு பேனலைக் கூட கழட்டல, "ரேம் போயிருக்கும் சார்"னுட்டாரு. மெம்டெஸ்ட் போட்டாச்சுங்கன்னு சொன்னா, "அதெல்லாம் நம்ப முடியாது, ஃபார்மேட் அடிச்சு விண்டோஸ் போட்டுப் பாருங்க"ங்கறாரு. லினக்ஸ்னு சொன்னதும் அந்த முகத்துல வந்த மாற்றத்தைப் பாக்கணுமே. கெஞ்சிக் கேட்டதுல நாள் முழுக்க கடைலயே ஓட விட்டுப் பாத்தாரு, ஒரு தடவை கூட ரீஸ்டார்ட் ஆகல. "ஒண்ணும் இல்ல சார், எடுத்துட்டுப் போங்க"ன்னு செக்கிங் சார்ஜ் மட்டும் வாங்கிக்கிட்டாரு. வீட்டுக்கு வந்து மாட்டினேன், அன்னிக்கு சாயங்காலமே "டேய், உன் டப்பா..."

அடுத்த சந்தேகம் எஸ்எம்பிஎஸ், அதாவது கம்ப்யூட்டருக்கு உள்ள பவர் குடுக்கற பெட்டி. வாரண்டி இருக்கேன்னு சர்வீஸ் சென்டர் போனா பில்லு கேட்டாங்க. எடுத்துக் குடுத்தா வெள்ளைப் பேப்பர்! கடைல பில்லிங் மெஷின்ல அடிச்சுக் குடுத்த பில்லு வெயில் பட்டு எழுத்தெல்லாம் மறைஞ்சு போச்சு. தயவு செஞ்சு எந்த பார்ட் வாங்கினாலும் அன்னிக்கே பில்லை போட்டோ எடுத்து வைங்க. கடைல டூப்ளிகேட் பில்லு வாங்கிட்டு திரும்பப் போனேன், கவுண்டர்ல இருந்தவர் எஸ்எம்பிஎஸ்ஸை திருப்பிப் பாத்து, ஸ்க்ரூகிட்ட நகத்தால சுரண்டி, "துரு இருக்கு சார், தண்ணி பட்டிருக்கு, வாரண்டி கிடையாது"ன்னு தள்ளி விட்டுட்டாரு. காசிமேட்டுல ஜன்னல் கம்பி துரு பிடிக்கும், கதவு தாழ்ப்பாள் துரு பிடிக்கும், டிவி ரிமோட்டுல பேட்டரி போடற ஸ்பிரிங் கூட பச்சை பிடிக்கும், உப்புக் காத்துய்யா அதுன்னு சொல்லிப் பாத்தேன். "பாலிசி சார்"ங்கற ஒரே வார்த்தை தான் பதில். கடலோரம் இருக்கறவங்க எல்லாருக்கும் இந்தக் கதை வரும், பார்ட்டை புதுசா மாட்டறப்பவே நாலு பக்கமும் போட்டோ எடுத்துக்கங்க.

கடுப்புல உக்காந்து எஸ்எஸ்டியோட ஸ்மார்ட் விவரத்தை (டிரைவ் தன் நிலைமையைத் தானே குறிச்சு வெக்கற கணக்கு) பாத்துட்டு இருந்தேன். என்விஎம்இ வகை எஸ்எஸ்டில 'அன்சேஃப் ஷட்டவுன்ஸ்'னு ஒரு லைன் இருக்கும், டிரைவுக்கு முன்கூட்டி சொல்லாம பவர் போச்சுன்னா அந்த எண்ணிக்கை ஏறும். குறிச்சு வெச்சுக்கிட்டேன். அடுத்த ரீஸ்டார்ட்டுக்கு அப்புறம் பாத்தா ஒண்ணு கூடியிருக்கு. அதுக்கடுத்ததுக்கும் ஒண்ணு. அட, நிஜமாவே கரண்ட் போகுது! ஆனா வீட்டுல கேட்டா ஒருத்தரும் ஒத்துக்க மாட்டேங்கறாங்க, லைட் அணையல, ஃபேன் நிக்கல, கரண்ட் எங்கடா போச்சுங்கறாங்க. யோசிச்சா அவங்க சொல்றதும் சரி தான், இன்வெர்ட்டர் இருக்கே, அதுவும் இல்லாம எல்ஈடி பல்பு கண் சிமிட்டற நேரத்தைத் தாங்கிடும், ஃபேன் சுத்தற வேகத்துல ஓடிடும், கம்ப்யூட்டருக்கு மட்டும் அந்தப் பொறுமை கிடையாது.

தெரு முனைல இருக்கற எலக்ட்ரீஷியன் அண்ணனைக் கூப்பிட்டேன். வந்தவர் சர்வரைத் திரும்பிக் கூட பாக்கல, நேரா இன்வெர்ட்டரை இழுத்துப் பின்பக்கம் டார்ச் அடிச்சாரு. "தம்பி, இது நார்மல்ல கீது பாரு, யாரு மாட்னது?" பின்னாடி ஒட்டடைக்குள்ள சின்னதா ஒரு தள்ளு சுவிட்ச், ஒரு பக்கம் யுபிஎஸ், இன்னொரு பக்கம் நார்மல். மாட்டிட்டுப் போன டீலரோட ஆளு இதைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லல.

விஷயம் இது தான். யுபிஎஸ் மோடுல பேட்டரிக்கு மாற 10 மில்லிசெகண்டை ஒட்டி எடுக்கும், நார்மல்ல 40 வரைக்கும் போகலாம். எஸ்எம்பிஎஸ் உள்ள இருக்கற கெப்பாசிட்டர் ஃபுல் லோடுல தாங்கறது சுமாரா 16, 17 மில்லிசெகண்டு தான். லோடு கம்மியா இருந்தா இன்னும் கொஞ்சம் தாங்கும், பழசாக ஆக அதுவும் குறையும். அதனால தான் சில கட்டுக்கு மெஷின் அசையாம நிக்கும், படம் டிரான்ஸ்கோட் (வேற ஃபார்மேட்டுக்கு மாத்தறது, மெஷினுக்கு லோடு ஜாஸ்தி) ஆகறப்பவோ பேக்கப் ஓடறப்பவோ விழும். நான் என்னடான்னா ஜெல்லிஃபின் தான் கிராஷ் பண்ணுதுன்னு அதைப் போட்டு நோண்டிட்டு இருந்தேன்.

சுவிட்சைத் தள்ளினதும் ரீஸ்டார்ட் நின்னுச்சு. ஆனா வேற தலைவலி. யுபிஎஸ் மோடுல இன்வெர்ட்டர் ஏத்துக்கற வோல்டேஜ் அளவு குறுகல், சுமாரா 180க்கு கீழ போனா உடனே பேட்டரிக்கு தாவிடும். எங்க தெருவுல மே மாசம் ராத்திரி எல்லா வீட்டுலயும் ஏசி ஓடறப்ப வோல்டேஜ் இறங்கும், அப்ப கரண்ட் இருந்தும் இன்வெர்ட்டர் பேட்டரில ஓடி, நிஜமா கட் ஆகறப்ப சார்ஜ் இருக்காது. நார்மல் மோடு 100 வோல்ட்டு வரைக்கும் கூட சமாளிக்கும், அதனால தான் பல பேர் அதுலயே விட்டுடறாங்க.

கடைசில இன்வெர்ட்டரை நார்மலுக்கே திருப்பிட்டு, சர்வருக்கும் ரவுட்டருக்கும் மட்டும் தனியா 600 விஏ யுபிஎஸ் ஒண்ணு வாங்கினேன். வாங்கறப்ப பின்னாடி யுஎஸ்பி போர்ட் இருக்கான்னு கண்ணால பாத்து வாங்குங்க, கம்மி விலை மாடல் நிறையத்துல இருக்காது, பெட்டில போட்டிருக்கற படத்தை நம்பாதீங்க. யுஎஸ்பி இருந்தா நட்-னு ஒரு சாஃப்ட்வேர் போட்டு, பேட்டரி இறங்கறப்ப சர்வர் தானே ஒழுங்கா ஷட்டவுன் ஆகற மாதிரி வெச்சுடலாம், அரை மணி நேர வேலை. அன்சேஃப் ஷட்டவுன்ஸ் அதுக்கப்புறம் ஏறவே இல்ல. ராத்திரி கட் ஆனா யுபிஎஸ் பீப் பீப்னு கத்தி அப்பாவை எழுப்பிடும், அதையும் நட்லயே பீப்பரை ஆஃப் பண்ற கமாண்ட் குடுத்து நிறுத்தலாம், எல்லா மாடலும் கேக்காது, என்னோடது கேட்டுச்சு.