பல்ஸ் 38

போன ஏப்ரலில் நேபாளம் போயிருந்தோம். லம்ஜுங் பக்கம் ஒரு மலைக்கிராமத்தில் பாறைத்தேன் வாங்கினோம். செம்பழுப்பு நிறம், தொண்டையில் லேசாக எரியும். விற்றவர் ஒற்றை விரலைக் காட்டி, ஒரு ஸ்பூனுக்கு மேல் வேண்டாம் என்றார். எனக்கு அது விற்பவர் பேச்சாகத்தான் பட்டது.

பொக்காராவில் என் கணவருக்குச் சளி. காலையில் வெறும் வயிற்றில் இரண்டு ஸ்பூன் சாப்பிட்டார். முக்கால் மணி நேரத்தில் வாயைச் சுற்றி மரத்துப்போகிறது என்றார். அப்புறம் வாந்தி. எழுந்து நின்றவர் கண் இருட்டிக் கட்டிலில் சரிந்தார். பனியனைப் பிழியலாம், அவ்வளவு வியர்வை.

ஆஸ்பத்திரியில் பல்ஸ் 38, பிபி 70/40. வயது 52, மாரடைப்பு என்றே நினைத்து அழுதேன். ஈசிஜியில் துடிப்பு மெதுவாக இருந்ததே தவிர, மாரடைப்புக்கான மாற்றம் எதுவும் இல்லை. பிபி மாத்திரை ஏதாவது அதிகமாகப் போட்டாரா என்று டாக்டர் கேட்டார். அவர் எந்த மாத்திரையும் எடுப்பவர் இல்லை. சரி, காலையில் என்ன சாப்பிட்டார்? தேன் என்றேன். ஊசியோடு நின்ற நர்ஸ் சட்டென நிமிர்ந்து, "மஹ?" என்றார். நேபாளியில் தேன்.

வந்ததுமே அதைச் சொல்லியிருக்க வேண்டும். தேனை யார் சந்தேகப்படுவார்கள்?

லாலிகுராஸ், அதாவது ரோடோடென்ட்ரான் பூக்களில் உள்ள கிரயனோடாக்சின்தான் காரணம் என்று டாக்டர் விளக்கினார். நரம்பு செல்களில் சோடியம் நுழையும் வாசல்களை அது மூடவிடாது. இதயத்தை மெதுவாக்கும் வேகஸ் நரம்பு அளவுக்கு மீறித் தூண்டப்பட, துடிப்பும் பிபியும் இறங்கிவிடும். துருக்கியின் கருங்கடல் ஓரத்திலும் இதே கதைதானாம். வழக்கமான லேபில் இந்த நச்சுக்குப் பரிசோதனை கிடையாது. என்ன சாப்பிட்டார் என்பதையும் அறிகுறிகளையும் சேர்த்துப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள்.

தனி முறிமருந்தும் இல்லை. சலைன் ஏற்றி, துடிப்பைக் கூட்டும் அட்ரோபின் மருந்தை அரை மில்லிகிராம் ரத்தக்குழாயில் போட்டார்கள். மானிட்டரில் 38, 45, 64 என்று எண் ஏறியதை மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். மதியம் மறுபடி இறங்க, இன்னொரு ஊசி. அதற்கும் கேட்காவிட்டால் தற்காலிக பேஸ்மேக்கர் என்றார்கள், தேவைப்படவில்லை.

மறுநாள் காலை பல்ஸ் 72. "என்னங்க, எப்படி இருக்கு?" என்றேன். "பசிக்குது" என்றார்.