அம்மம்மாவின் கைகள்

சென்ற ஆண்டு அம்மம்மாவைப் பென்சிலில் வரைந்தேன். முகம் நன்றாக வந்தது. கைகள் வரவில்லை, சேலைத் தலைப்பை இழுத்து மூடியதுபோல் வரைந்து முடித்துவிட்டேன். அது உறுத்திக்கொண்டே இருந்தது. எங்கள் எல்லோருக்கும் சமைத்துப் போட்ட கைகள் அவை.

அதன்பின் தினமும் காலையில் என் இடது கையை மேசையில் வைத்து வரைந்தேன். ஒரு கொப்பி, ஒரு எச்பி பென்சில், ஒரு அழிறப்பர். முதல் இரண்டு மாதங்களும் விரல்களிலிருந்தே தொடங்கினேன். ஒவ்வொரு விரலும் தனித்தனியாக அழகாக இருக்கும், உள்ளங்கையில் சேரும்போது இடம் போதாது. பிறகுதான் முறையை மாற்றினேன். முதலில் உள்ளங்கையைத் தட்டையான பெட்டியாக வரைவது. பெருவிரலின் அடிச்சதையை அதன் பக்கத்தில் ஒரு ஆப்பாகச் சேர்ப்பது. மற்ற நான்கு விரல்களின் அடிமூட்டுகளான மொளிகளை நேர்கோட்டில் வைக்காமல் ஒரு வளைவில் குறிப்பது. விரல்கள் கடைசியில்தான்.

பெருவிரலுக்கு எலும்பு இரண்டுதான், மற்றவற்றுக்கு மும்மூன்று. கையை மேசையில் தளர்வாக வைத்தால் மற்ற நகங்கள் மேலே பார்க்கும், பெருவிரல் நகம் பக்கவாட்டில் திரும்பியிருக்கும். பிறந்ததிலிருந்து கூடவே இருக்கும் கையில் இதை நான் கவனித்ததே இல்லை.

என்னை மிகவும் வியக்க வைத்தது வேறொன்று. புறங்கையில் பார்த்தால் நடுவிரல், மொளியிலிருந்து மணிக்கட்டு வரையுள்ள தூரத்துக்கு ஏறக்குறைய சமம். கையைத் திருப்பினால் அதே விரல் குட்டையாகிவிடுகிறது. விரலிடைத் தோல் மொளியைத் தாண்டி மேலே ஏறியிருப்பதே காரணம். இரண்டு பக்கத்துக்கும் ஒரே அளவை வைத்துக்கொண்டு எத்தனை தாள்களை வீணாக்கியிருப்பேன்!

வேகம் பழகியது ரயிலில். வெள்ளவத்தையிலிருந்து கொழும்புக் கோட்டைக்குப் போகும்போது, ஒரு நிலையத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் ஒரு கை என்று வைத்துக்கொண்டேன். கம்பியைப் பிடித்த கை, குடையின் மேல் ஓய்ந்திருக்கும் கை. பம்பலப்பிட்டி வந்ததும் பக்கத்தைத் திருப்பிவிட வேண்டும். நகம் வரைய நேரமிருக்காது. பிடியின் இறுக்கம் மட்டும் தாளில் நிற்கும். அந்தப் பக்கங்கள்தான் இன்றும் எனக்குப் பிடித்தவை.

மறுபடி அம்மம்மாவிடம் போனேன். அவர் திருவலையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். சுருக்கங்களைக் கோடு கோடாக இழுத்தபோது தோல் வெடித்ததுபோல் தெரிந்தது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு, 2பி பென்சிலைச் சாய்த்துப் பிடித்து நிழலை மட்டும் பூசினேன். மூட்டுகளில் மட்டும் இரண்டு மூன்று கோடுகள். தேங்காய்ப் பாதியைப் பிடித்த விரல்கள் என்னை நோக்கி வந்ததால் நீளமே தெரியவில்லை. அங்கே மோதிரம் உதவியது. பக்கவாட்டில் மெல்லிய பட்டையாகத் தெரியும் மோதிரம், விரல் நம்மை நோக்கித் திரும்பும்போது வட்டமாக அகலும். அந்த வளைவைச் சரியாகப் போட்டதும் விரல் தாளிலிருந்து முன்னே வந்தது.

அம்மம்மா கையைத் துடைத்துவிட்டுப் படத்தை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

“மோதிரம் சரி, பிள்ளை. சின்ன விரல் இப்படி நேராக நிற்காது.”

விரலை நீட்டிக் காட்டினார். நுனி மூட்டு உள்ளே வளைந்து, அப்படியே இறுகியிருந்தது. அழிறப்பரை எடுத்தேன். அவர் திரும்பவும் திருவலையில் அமர்ந்தார்.