பழைய டஃப்புக்கில் சும்மா கிடக்கிற கார்ட் சிலொட்

பழைய டஃப்புக் (பனசொனிக்கின் முரட்டு லப்டொப்) வைத்திருக்கிற ஆக்கள் பக்கத்து மூடியைத் திறந்து ஒருக்காப் பாருங்கோ. சி.எஃப்-31 மொடல் என்றால், கூடுதல் வசதிக்குக் கார்ட் செருகிற துளை இரண்டு இருக்கும்: பழைய வகையான பி.சி. கார்ட் சிலொட் ஒன்று, அதுக்குப் பிறகு வந்த எக்ஸ்பிரஸ்கார்ட் 54 ஒன்று. இரண்டுமே இன்னும் உழைக்கும்.

எக்ஸ்பிரஸ்கார்டில் யூ.எஸ்.பி 3.0 கார்ட் போடலாம். ஆனால் அந்தச் சிலொட் தாறது 3.3, 1.5 வோல்ட் மட்டும்தான், 5 வோல்ட் இல்லை. கார்ட் தானே வோல்ட்டை 5க்கு ஏத்திக் குடுத்தாலும் கரண்ட் காணாது. வெளி ஹார்ட் டிஸ்க் டிக் டிக் என்று அடிச்சு நிக்கிறது அதாலதான். ஓரத்தில் டி.சி. துளை உள்ள கார்டாக வாங்கி, 5 வோல்ட்டைத் தனியாகக் குடுங்கோ. விண்டோஸ் 7 என்றால் டிரைவரை முதலே ஏத்தி வையுங்கோ.

சீரியல் போர்ட் (பழைய கருவிகளை இணைக்கிற துளை) இல்லாத மொடலில் டோட்டல் ஸ்ரேசன் என்கிற நில அளவைக் கருவியை இணைக்க, சீரியல் கார்ட் நல்லது. வாங்கேக்க கவனம்: சிலது உள்ளுக்கை வெறும் யூ.எஸ்.பி மாற்றிதான். விண்டோஸின் டிவைஸ் மனேஜரில் அந்தக் கார்ட் யூ.எஸ்.பி பட்டியலுக்குக் கீழே வந்தால் காசு வீண்.

வன்னியில் பெரிய எதிரி செம்மண் புழுதி. கார்ட் வெளியே நீட்டிக்கொண்டு நிண்டால் மூடி பூட்டாது. பிறகு புழுதியும் தண்ணியும் தடையில்லாமல் உள்ளே போகும். வெளிக்கள வேலைக்கு, வெளியே நீட்டாமல் மட்டமாக அமர்கிற கார்டே போடுங்கோ. பி.சி. கார்ட் சிலொட்டின் உள்ளே 68 மெல்லிய பின். சரிவாகத் தள்ளினால் ஒன்று வளையும், அதோடு சரி. கை ஊதியால் புழுதியை ஊதி, நேராகப் பிடிச்சு, மெதுவாகத் தள்ளுங்கோ. இறுகினால் நிப்பாட்டி டோர்ச் அடிச்சுப் பாருங்கோ.